கப் கணக்கோடு கிராம் கணக்கையும் போடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையின் ஞாயிறு சமையல் பக்கத்தை விடாமல் வாசிக்கிறவள் நான். திருகோணமலையில் மனைப்பொருளியல் படிப்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை. இப்போது உவர்மலையில் என் வீட்டுக் குசினியில் பெண்பிள்ளைகள் சிலருக்குக் கேக், பாண், பணிஸ் செய்யப் பழக்குகிறேன். உங்கள் பக்கத்தில் வருகிற அளவுகளைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். அண்மையில் வந்த ரவைக் கேக் குறிப்புக்குப் பிறகு இனியும் தள்ளிப்போட மனம் வரவில்லை.

அந்தக் குறிப்பில் இருந்தது இதுதான்: ரவை 2 கப், சீனி 2 கப், பட்டர் 1 கப், முட்டை 6, நறுக்கிய கஜு 1 கப், பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, பன்னீரும் தேனும் கொஞ்சம். நல்ல குறிப்பு. எழுதியவர் கைதேர்ந்தவர் என்பது செய்முறையை வாசித்தாலே தெரிகிறது. என்னிடம் பழகுகிற பிள்ளைகளில் இரண்டு பேர் அதைத் தங்கள் வீட்டில் செய்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். சாம்பல்தீவுப் பிள்ளையின் கேக் முட்டை வாடையோடு சவ்வுபோல இழுபட்டது. பாலையூற்றுப் பிள்ளையின் கேக் கத்தி பட்டதும் உதிர்ந்து கொட்டியது. இரண்டு பேரும் சொன்னது ஒரே வசனம்: "ரீச்சர், பேப்பரில போட்டபடிதான் செய்தனான்."

இரண்டு பேரும் சொன்னது உண்மை. எந்தக் கப்பால் அளந்தீர்கள் என்று கேட்டு, அடுத்த முறை வரும்போது அதையே கொண்டுவரச் சொன்னேன். ஒருத்தி கொண்டுவந்தது ரைஸ் குக்கரோடு வருகிற பிளாஸ்டிக் கப். மற்றவள் கொண்டுவந்தது தகப்பன் தேத்தண்ணி குடிக்கிற பெரிய மக். தராசில் வைத்துத் தண்ணீர் நிரப்பிப் பார்த்தோம். முதலாவது 180 மில்லிலீற்றர். இரண்டாவது 300. இரண்டு கப் ரவை என்பது ஒருத்தியிடம் சுமார் 250 கிராம், மற்றவளிடம் சுமார் 420 கிராம். சீனியும் பட்டரும் அதே போலத்தான். ஆனால் இரண்டு பேரும் உடைத்து ஊற்றியது அதே ஆறு முட்டை.

எல்லாவற்றையும் ஒரே கப்பால் அளந்தால் விகிதம் மாறாது, பிறகு ஏன் நிறை என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அரிசிக்கும் தண்ணீருக்கும் அந்தப் பேச்சு சரி. ஒரு கப் அரிசிக்கு இரண்டு கப் தண்ணீர் என்றால் எந்தக் கப்பும் பொருந்தும், ஏனென்றால் அங்கே இருப்பதே அந்த இரண்டு பொருள்தான். கேக்கில் அப்படி இல்லை. முட்டையை எண்ணிப் போடுகிறோம். பேக்கிங் பவுடரைத் தேக்கரண்டியில் போடுகிறோம். ரின்பால், அதாவது ரின்னில் வருகிற சீனி சேர்த்த கெட்டிப் பால் என்றால் ஒரு ரின்னை அப்படியே ஊற்றுகிறோம். இவை ஒன்றும் உங்கள் கப்போடு சேர்ந்து கூடிக் குறைவதில்லை. கப் சிறிதானால் முட்டை மிஞ்சும், பெரிதானால் முட்டை காணாது. அந்தப் பிள்ளைகளின் கேக்குகளுக்கு நடந்தது அதுதான். அவர்களின் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை.

சரி, கப் என்றால் எவ்வளவு? அமெரிக்கக் கப் 237 மில்லிலீற்றர். அங்கே உணவுப் பொதிகளின் லேபல் கணக்குக்கு 240 என்று எடுக்கிறார்கள். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 250. ஜப்பானில் சமையல் கப் 200. ரைஸ் குக்கரோடு வருகிற கப் 180 ஆக இருப்பதற்குக் காரணம், அது ஜப்பான்காரர் அரிசி அளக்கிற பழைய அளவு. குக்கர் உலகம் முழுக்கப் போனபோது அந்த அளவும் கூடவே போய்விட்டது. அதைக் 'கப்' என்று நம்பி மா அளப்பவர்கள் எங்கள் ஊரில் ஏராளம், ஏனென்றால் குசினியில் 'அளவுக் கப்' என்று கையில் அகப்படுவது அது ஒன்றுதான். தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்தால் டம்ளர், ஆழாக்கு என்று அது வேறொரு கணக்கு.

கரண்டியிலும் இதே சிக்கல்தான். தேக்கரண்டி எங்கேயும் 5 மில்லிலீற்றர். மேசைக்கரண்டி எங்களுக்கு 15, அவுஸ்திரேலியாவில் 20. உங்கள் பத்திரிகையை இணையத்தில் திறந்து மெல்பேர்ணில் இருந்து வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். என் தங்கையின் மகள் அங்கேதான் இருக்கிறாள். நான்கு மேசைக்கரண்டி பட்டர் என்று நீங்கள் எழுதினால் நான் போடுவது 60 மில்லிலீற்றர், அவள் போடுவது 80. அதையே 60 கிராம் என்று எழுதியிருந்தால் மெல்பேர்ணிலும் ரொறன்ரோவிலும் மூதூரிலும் அது 60 கிராம்தான்.

கப்பை ஒரு அளவில் நிறுத்திவிட்டாலும் பிரச்சினை பாதிதான் தீரும். மீதிப் பாதி மாவுக்குள் இருக்கிறது. வகுப்பில் இதை நான் எப்போதும் கையால் செய்தே காட்டுவேன். ஒரே 250 மில்லிலீற்றர் கப். முதலில் கோதுமை மாவை அரிதட்டால் அரித்து, கரண்டியால் மெல்ல மெல்ல எடுத்துப் போட்டு, கத்தியின் முதுகால் வழித்துவிடுவேன். தராசு 125 கிராம் அளவில் நிற்கும். அந்த மாவைக் கொட்டிவிட்டு, அதே கப்பை மாப் பைக்குள் இறக்கி, பையின் ஓரத்தோடு அழுத்தி அள்ளி, அதையும் அதே கத்தியால் வழிப்பேன். இப்போது 155 கிராமைத் தொடும். கப்பை மேசையில் இரண்டு தட்டுத் தட்டினால் மா கீழே இறங்கும். அந்த இடத்தையும் நிரப்பினால் இன்னும் ஏறும். பார்ப்பதற்கு மூன்றும் ஒன்றுதான்: விளிம்புவரை மட்டமான ஒரு கப் மா. நான்கு கப் மா போடுகிற கேக்கில் இந்த வித்தியாசம் 120 கிராம். அரை இறாத்தலில், அதாவது 227 கிராமில், பாதிக்கும் மேல். கேக் வெடித்து மேலே மலைபோல எழும்பி உள்ளே வரண்டு போவதற்கு அது தாராளம்.

இதில் எங்கள் வீடுகளுக்கே உரிய இன்னொரு சங்கடமும் உண்டு. பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் நாங்கள் கோதுமை மாவை அவித்து வைக்கிறோம், அரிசி மாவை வறுத்து வைக்கிறோம். அவித்த மா கட்டியாக இருக்கும்போது ஒரு கப், அதை உடைத்து அரித்த பிறகு ஒரு கப், இரண்டும் ஒன்றல்ல. பச்சை மாவும் வறுத்த மாவும் ஒரே கப்பில் ஒரே நிறை இல்லை. குறிப்பில் வெறுமனே 'மா 3 கப்' என்று போட்டால் அது எந்த மா, எந்த நேரத்தில் அளந்தது என்று புதிதாகச் சமைக்கிறவளுக்கு எப்படித் தெரியும்? மாரி மாதங்களில் எங்கள் கடற்கரைக் காற்றில் மா ஈரத்தை இழுத்துக்கொண்டு பையோடு ஒட்டிக் கட்டிபடும். அந்த நாட்களில் கப்பை நம்பவே முடியாது.

கஜு, முந்திரிகை வற்றல், திருவிய தேங்காய்ப்பூ இவற்றைக் கப்பால் அளப்பது இன்னும் மோசம். கஜுவை நாலாக வெட்டினால் ஒரு அளவு, பொடியாக நறுக்கினால் இன்னொரு அளவு, முழுசாகப் போட்டால் இடையில் வெறும் காற்று. கஜு விற்கிற விலையில் அதைக் கிராமில் சொல்லாமல் விடுவது வாசகருக்குச் செய்கிற நல்ல காரியம் இல்லை. கடைக்குப் போகிறவள் 'ஒரு கப் கஜு தாருங்கள்' என்று கேட்க முடியாதே. 150 கிராம் என்று இருந்தால் அவள் அதை மட்டும் வாங்கிக்கொண்டு வருவாள்.

எங்கள் பழைய ஆட்கள் அளந்து சமைக்கவில்லையா, அம்மம்மா தராசு வைத்தா பலகாரம் சுட்டார் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு மரியாதையோடு பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. எங்கள் வீடுகளில் சுண்டும் கொத்தும் இருந்தன. நாலு சுண்டு ஒரு கொத்து, 32 கொத்து ஒரு புசல். அது ஆங்கிலேயர் காலத்துப் புசல், 36 லீற்றருக்குக் கொஞ்சம் கூட. அந்தக் கணக்கில் கொத்து 1,136 மில்லிலீற்றர், சுண்டு 284. ஒரு கொத்து அரிசி இரண்டு இறாத்தல் நிற்கும், ஒரு சுண்டு அரை இறாத்தல். அதாவது அரிசி என்ற ஒரு பொருளுக்கு நிறை இவ்வளவு என்று அவர்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். வீட்டில் இருந்ததும் ஒரே சுண்டு, அளந்ததும் ஒரே கை. மருமகள் வந்தாலும் அதே சுண்டைத்தான் எடுப்பாள். பிட்டுக்கு மா குழைக்கும்போது தண்ணீர் கூடிப்போனால் இன்னொரு பிடி மா போடலாம். குழம்பில் புளி குறைந்தால் விடலாம். பதம் பார்த்துத் திருத்த நேரமும் இடமும் இருக்கிற சமையல் அது. பயற்றம் பணியாரத்துக்குப் பாகு பிடிக்கிறவர் விரல் நுனியில் ஒட்டிப் பார்க்கிற அந்தக் கணிப்பை எந்தத் தராசும் தராது.

அதனால்தான் நான் குழம்புக்கும் சொதிக்கும் வறைக்கும் கிராம் கேட்கவில்லை. அங்கே 'தேவையான அளவு உப்பு' என்று எழுதுவதே போதும். போறணைக்குள் போகிறவற்றுக்குத்தான் கேட்கிறேன். கேக் கலவையை ஓவனுக்குள் வைத்துக் கதவைச் சாத்திய பிறகு யாரும் எதையும் திருத்த முடியாது.

சுண்டைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டும். பல வீடுகளில் சுண்டாகப் பாவிப்பது ரின்பால் பேணியை. அந்தப் பேணியில் 14 அவுன்ஸ், 397 கிராம் என்று போட்டிருந்த காலத்தில் அதை வைத்துக்கொண்டு, 'இது 400 கிராம் பேணி, நிரப்பினால் 400 கிராம் மா' என்று கணக்குப் போட்டவர்களை நானே கண்டிருக்கிறேன். அந்தப் பேணி கொள்வது சுமார் 300 மில்லிலீற்றர் மட்டும். ரின்பால் தண்ணீரைவிட நன்றாகப் பாரமானது, அதனால் அந்தச் சிறிய இடத்துக்குள் 397 கிராம் அடங்கியது. அதே பேணி நிறையத் தண்ணீர் ஊற்றினால் 300 கிராம். அரிசி போட்டால் சுமார் 240. கோதுமை மா போட்டால் 155 அல்லது அழுத்தத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூட. பேணி ஒன்று, நிறை நாலு. கொள்ளளவும் நிறையும் வேறு வேறு என்பதைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த நான் இன்றைக்கும் எடுத்து வைப்பது ஒரு பழைய பால்பேணியைத்தான்.

அவுன்ஸ் என்ற அளவும் இதே மாதிரி ஆட்களை விழுத்துகிறது. பல வீடுகளில் தாய்மாரின் பழைய கொப்பிகள் இருக்கின்றன. மா 8 அவுன்ஸ், பால் 8 அவுன்ஸ் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருப்பார்கள். முதலாவது தராசில் நிறுப்பது, 227 கிராம். இரண்டாவது அளவுச் சாடியில் ஊற்றுவது. இன்றைக்கு அந்தக் கொப்பியை எடுக்கிற பிள்ளை அளவுச் சாடியில் 8 அவுன்ஸ் கோடுவரை மாவைக் கொட்டுகிறாள். அவளுக்குக் கிடைப்பது 120 கிராம் போல, கிட்டத்தட்டப் பாதி. பிறகு 'அம்மாவின் கேக் எனக்கு வரவில்லை' என்று கவலைப்படுகிறாள். அந்தக் காலத்துப் பட்டர் கேக் எல்லாமே நிறைக் கணக்குத்தான்: மா ஒரு இறாத்தல், சீனி ஒரு இறாத்தல், பட்டர் ஒரு இறாத்தல். ஒரு இறாத்தல் 453.6 கிராம் என்று தெரிந்தால் அந்தக் கொப்பி முழுவதையும் இன்றைய தராசுக்குக் கொண்டுவந்துவிடலாம். கப் எங்கள் கேக் சமையலுக்குப் பின்னால் வந்த அளவு. பத்திரிகையும் யூரியூப்பும்தான் அதைக் குசினிக்குள் பரப்பின.

யோசித்துப் பாருங்கள், எங்கள் ஊர்ச் சீனக்குடாவில் பிறீமா மா ஆலை இருக்கிறது. கோதுமை கப்பலில் தொன் கணக்கில் வந்து இறங்குகிறது. மாவாகி, கிலோ போட்ட பைகளில் வெளியே போகிறது. கடைக்காரர் அதைக் கிலோவாகவும் அரைக் கிலோவாகவும் நிறுத்துத் தருகிறார். தம்பலகாமத்து நெல்லைப் பாருங்கள். புசலில் பேசிய காலம் போய், அரசாங்கம் கொள்வனவு விலையைக் கிலோவுக்கு அறிவிக்கிறது. பழைய புசலைச் சொன்னாலும் 20.86 கிலோ என்று நிறையில்தான் கணக்கெடுக்கிறார்கள். பாண் ஒரு இறாத்தலுக்கு 450 கிராம் இருக்க வேண்டும் என்று 2024இல் வர்த்தமானியிலேயே போட்டார்கள். வயலிலிருந்து பேக்கரிவரை எல்லாம் நிறையில் நடக்கிறது. உங்கள் சமையல் பக்கத்தைத் திறந்தால் மட்டும் எல்லாம் கப்.

வாசகர்களிடம் தராசு இல்லை என்று உங்கள் பக்கத்தைத் தயாரிப்பவர்கள் சொல்லக்கூடும். அது உண்மை, அதனால் கப்பை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இரண்டையும் போடுங்கள். 'ரவை 2 கப் (350 கிராம்)' என்று எழுத மேலதிகமாக எவ்வளவு இடம் வேண்டும்? தராசு இல்லாதவள் கப்பால் அளப்பாள். தராசு உள்ளவள் நிறுப்பாள். பேக்கரிக்காரரும் வெளிநாட்டுக்காரரும் கிராமைப் பார்ப்பார்கள். 'எங்கள் பக்கத்தில் 1 கப் என்றால் 250 மில்லிலீற்றர், 1 மேசைக்கரண்டி 15, 1 தேக்கரண்டி 5, எல்லாம் மட்டமாக' என்று பக்கத்தின் மூலையில் ஒரு சிறு பெட்டி கட்டி ஒவ்வொரு கிழமையும் போட்டால் பாதிக் குழப்பம் அதோடு போய்விடும்.

தராசு இல்லாமலும் தங்கள் கப்பைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது, இதையும் பிரசுரித்தால் நல்லது. அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலில் போத்தலோடு வந்த அளவுக்குத் தண்ணீர் எடுத்து உங்கள் கப்பில் ஊற்றுங்கள். சரியாக இரண்டு தடவை நிரம்பினால் அது 250 மில்லிலீற்றர் கப். இரண்டு தடவை நிரம்பியும் போத்தலில் தண்ணீர் மிஞ்சினால் உங்கள் கப் சிறிது, காணாமல் போனால் பெரிது. அடுத்ததாக, பிரிக்காத ஒரு கிலோ சீனிப் பையைப் பிரித்து, அந்தக் கப்பால் மட்டமாக அளந்து ஒரு போத்தலுக்குள் போட்டபடி எண்ணுங்கள். ஐந்து கப் வந்தால் உங்கள் கப்புக்குச் சீனி 200 கிராம். அதைக் கப்பின் அடியில் ஒரு துண்டு பிளாஸ்ரர் ஒட்டி எழுதிவையுங்கள். ரவைக்கும் மாவுக்கும் அதே மாதிரி. பட்டரை அளக்கவே தேவையில்லை. கட்டியின் கடதாசியில் 227 அல்லது 200 என்று நிறை இருக்கும். பாதி, கால் என்று கத்தியால் வெட்டிக்கொள்ளலாம். பட்டரைக் கப்புக்குள் அமுக்கி, இடையில் காற்று நிற்க, பிறகு கையால் வழித்தெடுத்துப் பாடுபடுவதைவிட அது எவ்வளவோ சுகம்.

தராசு வாங்க வசதியுள்ளவர்கள் வாங்கிவிடுங்கள் என்றே சொல்வேன். 2022இல் மாவும் காஸும் பால்மாவும் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். இப்போதும் பட்டரும் கஜுவும் முட்டையும் சேர்ந்து ஒரு கேக் பிழைத்தால் வீணாகிற காசு சின்னக் காசு இல்லை. வீட்டிலிருந்து ஓடருக்குக் கேக் செய்து பிழைக்கிற பெண்கள் எங்கள் மாவட்டத்தில் நிறையப் பேர். அவர்களுக்கு ஒரு கேக் பிழைப்பது ஒரு நாள் உழைப்பு போவது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளுக்குக் கொடுப்பவர்கள் நேற்றைய கேக்கும் இன்றைய கேக்கும் ஒரே மாதிரி இருந்தால்தான் அடுத்த ஓடரை வாங்குவார்கள். டிஜிட்டல் தராசில் இன்னொரு வசதி: ஒரே பாத்திரத்தை வைத்துப் பூச்சியமாக்கி மாவைப் போட்டு, திரும்பப் பூச்சியமாக்கிச் சீனியைப் போட்டு, அப்படியே போகலாம். கழுவ ஒரே பாத்திரம்.

ஆனால் எல்லாவற்றையும் தராசில் போடச் சொல்லக் கூடாது. சாதாரண குசினித் தராசு ஒரு கிராம், இரண்டு கிராமை நம்பிக்கையாகக் காட்டாது. அப்பச்சோடா, பேக்கிங் பவுடர், ஈஸ்ட் போன்றவற்றுக்கு மட்டமாக வழித்த அளவுக் கரண்டிதான் நல்லது. அப்பச்சோடா பேக்கிங் பவுடரைப் போல மூன்று மடங்கு வேகமுள்ளது, அங்கே கரண்டி குவிந்தால் கேக் கைக்கும். உப்பு இன்னொரு விதம். தூள் உப்பு ஒரு தேக்கரண்டி 6 கிராம் போல நிற்கும். கல்லுப்பு அதே கரண்டியில் குறைவாகத்தான் நிற்கும், கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் வெளி இருப்பதால். ஊறுகாய்க்கும் மோர் மிளகாய்க்கும் குறிப்புப் போடும்போது எந்த உப்பு என்று சொல்லி, கிராமும் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாக உப்பு எடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிரஷர் உள்ளவர்கள் வீட்டில் அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்றால் கரண்டியைக் கிராமாக்கத் தெரிய வேண்டும்.

உங்கள் உதவிக்காக, 250 மில்லிலீற்றர் கப்புக்கு நான் பாவிக்கிற கணக்கை இங்கே தருகிறேன். தண்ணீர் 250 கிராம். பால் அதைவிட ஒரு சொட்டுக் கூட, 257. தேங்காய் எண்ணெய் 230. பட்டர் 240. தேன் 355. வெள்ளைச் சீனி 210. ஐசிங் சீனி 125. கோதுமை மா, அழுத்தாமல் கரண்டியால் போட்டு வழித்தது, 130. ரவை 175. பச்சை அரிசி 205 அளவில், உழுந்தும் கிட்டத்தட்ட அதே. உலர்த்திய தேங்காய்ப்பூ 85. கொக்கோத் தூள் 90. இவற்றில் தண்ணீரும் பாலும் எண்ணெயும் மாறாது. மற்றவை பொருளின் பருமனையும் அள்ளுகிற கையையும் பொறுத்து ஐந்து பத்துக் கிராம் முன்பின் போகும். அதனால்தான் குறிப்பு எழுதுகிறவர் இந்த மாதிரிப் பட்டியலைப் பார்த்துப் பெருக்கி எழுதாமல், தான் செய்யும்போதே நிறுத்து எழுத வேண்டும் என்று கேட்கிறேன். இணையத்தில் 'கப்பைக் கிராமாக்கு' என்று தட்டினால் சில இடங்களில் பொருளைக் கேட்காமலே ஒரே எண்ணைத் தருகிறார்கள். அது தண்ணீருக்கு மட்டுமே சரி. மாவுக்கு அந்த எண்ணைப் போட்டால் இரண்டு மடங்கு மா விழும்.

முட்டைக்கும் ஒரு வார்த்தை. சந்தையில் ஒரே தட்டில் 45 கிராம் முட்டையும் இருக்கும், 65 கிராம் முட்டையும் இருக்கும். ஆறு முட்டையில் 120 கிராம் வித்தியாசம் வரலாம். 'முட்டை 6 (கோதில்லாமல் 300 கிராம்)' என்று போட்டால் சின்ன முட்டை கிடைத்தவள் ஏழாக உடைத்துக்கொள்வாள்.

கடைசியாக, கேக் தட்டின் அளவையும் சேர்த்துவிடுங்கள். குறிப்புகளில் 'பட்டர் பூசிய தட்டில் ஊற்றவும்' என்று மட்டும் இருக்கிறது. எட்டு அங்குலச் சதுரத் தட்டும் ஒன்பது அங்குல வட்டத் தட்டும் பரப்பில் ஏறக்குறையச் சமம், ஒன்றுக்குப் பதில் மற்றதைப் பாவிக்கலாம். ஆனால் எட்டு அங்குல வட்டத்தில் அதே கலவையை ஊற்றினால் உயரம் கூடி நடு வேகாமல் நிற்கும். நத்தாரும் தைப்பொங்கலும் வருகிற சிறப்புப் பக்கங்களுக்கு உங்களுக்குக் குறிப்பு அனுப்புகிறவர்களிடம் கப், கிராம், தட்டின் அளவு மூன்றையும் கேட்டு வாங்கிப் போடுவீர்கள் என்று நம்புகிறேன். நிறுத்துப் பார்க்க ஆள் தேவைப்பட்டால் என் குசினியும் என் பிள்ளைகளும் தயார்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மனைப்பொருளியல் ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை.